பாசிமணிப் பர்ஸ்: மணி எங்கே உட்கார்கிறது?

ரோஜாப்பூ போட்ட ஒரு பழைய ஐரோப்பியப் பாசிமணிப் பர்ஸின் படத்தை நாலு பேரிடம் காட்டி, இதை எப்படிச் செய்திருப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் ஆரி வேலை என்பார். இன்னொருவர் தறியில் நெய்தது என்பார். குரோஷா என்று ஒருவர் அடித்துச் சொல்வார். "நம்ம ஒயர் கூடை மாதிரி பின்னினதுதானே?" என்று நாலாமவர் கேட்பார். அது இந்த நான்கில் எதுவுமாக இல்லாமல் இருக்கத்தான் அதிக வாய்ப்பு. நானும் பல காலம் அதை ஆரி என்றே நினைத்திருந்தேன்.

குழப்பத்துக்கு நம் மொழியிலேயே ஒரு காரணம் இருக்கிறது. சடை பின்னுகிறோம், கீற்று பின்னுகிறோம், ஒயர் கூடை பின்னுகிறோம், ஸ்வெட்டரும் பின்னுகிறோம். சொல் ஒன்றுதான், கைவேலை நான்கும் வேறு. சடையில் மூன்று பிரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்குகின்றன. கூடையில் முடிச்சு விழுகிறது. ஸ்வெட்டரில் முடிச்சும் இல்லை, பிரியும் இல்லை. ஒரே நூல், இரண்டு ஊசிகள், வளையத்துக்குள் வளையம். இந்தக் கட்டுரையில் 'பின்னல்' என்று வரும் இடமெல்லாம் ஸ்வெட்டர் பின்னலைத்தான் சொல்கிறேன். கம்பளிக்குப் பதிலாக மெல்லிய பட்டு நூல், அந்த நூலில் கடுகளவு கண்ணாடி மணிகள், குச்சிக்குப் பதிலாகக் கம்பி போன்ற ஊசி. இந்த மூன்றும் சேர்ந்தால் மணிப் பர்ஸ் பின்னல்.

துணிமேல் தைத்த மணியா, துணிக்குள் பிறந்த மணியா?

கல்யாண ஜாக்கெட்டில் ஆரி வேலை செய்வதைப் பார்த்திருப்பீர்கள். துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டுகிறார்கள். கொக்கி ஊசியால் சுகர் பீட்ஸை ஒவ்வொன்றாகத் துணியில் பிடிக்கிறார்கள். துணி முன்பே இருக்கிறது, மணி பிறகு வருகிறது. மணிகளையெல்லாம் பிரித்து எடுத்துவிட்டாலும் ஜாக்கெட் ஜாக்கெட்டாகவே இருக்கும்.

மணிப் பர்ஸில் கதை வேறு. பின்ன ஆரம்பிக்கும்போது கையில் துணி என்று எதுவுமே இல்லை, மணி கோர்த்த நூல்தான் இருக்கிறது. அந்த நூல் வளையம் வளையமாகத் துணியாக மாறும் அதே நேரத்தில் மணியும் அதற்குள் மாட்டிக்கொள்கிறது. துணி ஒரு விரல் அளவு வளர்ந்தால் படமும் ஒரு விரல் அளவு வளர்கிறது. துணியைக் கலைக்காமல் அந்த மணியைக் கழற்ற வேண்டுமென்றால் மணியை உடைத்தாக வேண்டும்.

கண்ணி என்பது என்ன

மணி எப்படி மாட்டிக்கொள்கிறது என்று புரிய, மணியே இல்லாத பின்னலை முதலில் பார்க்க வேண்டும். வீட்டில் பழைய பனியன் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அது இயந்திரத்தில் பின்னிய துணி. கொஞ்சம் இழுத்து வெளிச்சத்தில் பிடித்தால், வெளிப்பக்கத்தில் சின்னச் சின்ன 'வி' வடிவங்கள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொரு 'வி'யும் ஒரு வளையம். கீழே இருக்கும் வளையத்தின் வாய்க்குள்ளிருந்து மேல் வளையம் வெளியே வந்திருக்கும். அதன் வாய்க்குள்ளிருந்து அடுத்தது.

இந்த ஒரு வளையத்தைத்தான் கண்ணி என்கிறேன், வலைக்குச் சொல்கிற அதே சொல். ஒரு கண்ணிக்கு இரண்டு கால்கள் உண்டு. 'வி'யின் இடக்கோடு ஒரு கால், வலக்கோடு இன்னொரு கால். ஒரு கண்ணியின் காலிலிருந்து பக்கத்துக் கண்ணியின் காலுக்கு நூல் தாவிப் போகும் குட்டித் துண்டும் உண்டு. அதற்கு இடைநூல் என்று பெயர் வைத்துக்கொள்வோம். பனியனின் உள்பக்கத்தைத் திருப்பினால் குறுக்கே மேடு மேடாகத் தெரிகிறதே, அந்த மேடுகளில் இடைநூலைப் பார்க்கலாம்.

பின்னல் துணி முழுவதும் இந்த இரண்டால் ஆனது: கண்ணிகள், அவற்றை இணைக்கும் இடைநூல்கள். நூல் ஒன்றேதான், அது வளைகிறது, தாவுகிறது, மறுபடி வளைகிறது. அப்படியானால் நூலில் கோர்த்த மணி போய் உட்கார இடம் இரண்டுதான்: ஒன்று இடைநூல், இன்னொன்று கண்ணியின் கால். மணிப் பின்னலின் இரண்டு வகைகளும் இதிலிருந்துதான் பிறக்கின்றன. ஆங்கிலத்தில்கூட இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே மாதிரிப் பெயர் இருப்பதால், பின்னத் தெரிந்தவர்களே மாற்றி மாற்றிச் சொல்வதுண்டு. பெயரை விடுங்கள், மணி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

தோரண வகை

கண்ணிகளை வரிசையாக நட்ட தூண்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தூண்களுக்கு நடுவே கட்டிய கயிறு இடைநூல். அதில் தொங்கும் மாவிலை மணி. முதல் வகை இதுதான்.

வேலை எளிது. இரண்டு கண்ணி பின்னுங்கள். நூலில் காத்திருக்கும் மணிகளில் ஒன்றை விரலால் ஊசிவரை தள்ளுங்கள். அடுத்த இரண்டு கண்ணி பின்னுங்கள். மணி நடுவில் மாட்டிக்கொள்ளும். கண்ணிக்குள் அது நுழைவதே இல்லை, இரண்டு கண்ணிகளுக்கு நடுவே சும்மா நிற்கிறது.

புதிதாகப் பழகுகிறவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. சாதாரணக் கண்ணி போடும்போது நூல் நமக்கு அந்தப் பக்கம் இருக்கும். அதனால் இடைநூலும் அதில் ஏறிய மணியும் துணியின் மறுபக்கத்தில்தான் போய் உட்காரும். பின்னுகிறவர் கண்ணுக்கு மணி தெரியாது. "மணி வைத்தேனே, எங்கே போச்சு?" என்று பலர் அந்த வரிசையை அவிழ்த்துவிடுவார்கள். அவிழ்க்க வேண்டாம், திருப்பிப் பார்த்தால் போதும். மணிகள் ஒரே முகத்தில் வர வேண்டுமென்றால் ஒரு வரிசை வெறுமனே, அடுத்த வரிசை மணியோடு என்று மாறி மாறிப் பின்ன வேண்டும்.

இந்த வகையில் என்னை மிகவும் கவர்ந்தது பையின் வடிவம் உருவாகும் விதம். வாய் குறுகி, வயிறு அகன்று தொங்கும் பழைய பைகளைப் பார்த்தால், கீழே போகப் போகக் கண்ணிகளைக் கூட்டியிருப்பார்கள் என்றுதான் தோன்றும். பல பைகளில் அப்படி இல்லை. மேலிருந்து கீழ்வரை கண்ணிகளின் எண்ணிக்கை ஒன்றேதான். மேலே இடைநூலுக்கு ஒரு மணி. சில வரிசைகள் கழித்து இரண்டு, பிறகு மூன்று, நான்கு. மாவிலை கூடக் கூடத் தோரணக் கயிறு எப்படித் தொய்ந்து வளைகிறதோ, அப்படியே மணிகள் கூடக் கூட இடைநூல் நீண்டு தொய்கிறது, பையும் அகல்கிறது. வடிவத்தைத் தீர்மானிப்பது நூல் அல்ல, மணிகளின் எண்ணிக்கை.

இந்த வகையில் ரோஜாப்பூ, மாளிகை போன்ற நுட்பமான படங்கள் சரியாக வராது. மணிகளுக்கு நடுவே நூல் தெரியும், தொய்வும் இருக்கும். கோடுகள், கட்டங்கள், ஒரே நிறத்தின் மினுமினுப்பு, இவற்றுக்கு ஏற்ற வகை.

கால் வகை

இரண்டாவது வகையில் மணி கண்ணியின் காலிலேயே ஏறி உட்கார்கிறது. பொதுவாகக் கண்ணிக்கு ஒரு மணி. பின்னி முடித்தபின் வெளிப்பக்கத்தில் நூல் கிட்டத்தட்டத் தெரியாது, முகம் முழுக்கக் கண்ணாடிதான். பூவும் பறவையும் வீடும் குளமும் போட்ட பழைய பர்ஸ்கள் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவை.

செய்முறை இப்படி: ஊசியைக் கண்ணிக்குள் நுழைத்து நூலைச் சுற்றும்போதே மணியை ஊசி வரை தள்ளிவிட வேண்டும். நூல் கண்ணி வழியாக இந்தப் பக்கம் வரும்போது மணியும் அதோடு சேர்ந்து வர வேண்டும். புதுக் கண்ணியின் முன்காலில், அதாவது ஊசியில் மாட்டியிருக்கும்போது நம் பக்கம் இருக்கும் காலில், மணி வந்து நிற்கும்.

நிற்குமா? அதுதான் சிக்கல். வழுக்கும் பட்டு நூல், வழுக்கும் கண்ணாடி. சாதாரணக் கண்ணியாக இருந்தால் மணி மெல்ல நழுவி மறுகாலுக்கோ பின்பக்கத்துக்கோ போய்விடும். பத்து மணி நழுவினால் ரோஜாவின் இதழ் போச்சு.

இதற்குத் தீர்வு நம் வீட்டுக் கொடியிலேயே இருக்கிறது. க்ளிப் இல்லாத நாட்களில் இரட்டைக் கயிற்றை முறுக்கிக் கட்டி, முறுக்குக்கு நடுவே துணியின் நுனியைச் செருகுவார்கள். காற்றடித்தாலும் துணி போகாது. அதே தந்திரம்தான் இங்கேயும். ஊசியைக் கண்ணியின் முன்காலில் விடாமல் பின்காலில் விட்டுப் பின்னினால், கண்ணியின் இரண்டு கால்களும் அடியில் ஒன்றை ஒன்று குறுக்கே தாண்டி இறுகும். இதை முறுக்குக் கண்ணி என்போம். மணி முன்காலில் பூட்டிக்கொள்கிறது, நகர வழியில்லை.

மணி ஒரு காலில் மட்டும் இருப்பதால் நேராக நிற்காமல் சற்றுச் சாய்ந்தே இருக்கும். பையை வட்டமாக, குழாய்போலச் சுற்றிச் சுற்றிப் பின்னினால் எல்லா மணிகளும் ஒரே பக்கம் சாயும். தட்டையாக, போய்த் திரும்பிப் பின்னினால் ஒரு வரிசை இந்தப் பக்கமும் அடுத்த வரிசை அந்தப் பக்கமும் சாயும், மீன் முள்போல. கையில் உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் இதை வைத்தே ஒரு பழைய பை எப்படிப் பின்னப்பட்டது என்று சொல்லிவிடலாம்.

முன்கூட்டிக் கோர்க்காமல், கண்ணி ஊசியில் இருக்கும்போதே மெல்லிய குரோஷா ஊசியால் மணியை அதன்மேல் ஏற்றும் முறையும் இப்போது இருக்கிறது. சால்வையில் அங்கங்கே மணி வைக்க அது நல்லது. பை முழுக்க மணி என்றால் யாருக்கும் பொறுமை இருக்காது.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: மணி இடைநூலில் இருந்தால் தோரண வகை, அதில் பையின் வடிவத்தோடு விளையாடலாம். காலில் இருந்தால் கால் வகை, அதில் படம் வரையலாம், ஆனால் முறுக்குக் கண்ணி போட்டே ஆக வேண்டும்.

வளையல் கணக்கு

இனி வருவதுதான் இந்தக் கலையின் உயிர் என்பேன்.

கை நிறையக் கண்ணாடி வளையல் போடுகிறீர்கள். முதலில் போட்ட வளையல் முழங்கைப் பக்கம் போய்விடும். கழற்றும்போது முதலில் வருவது கடைசியாகப் போட்டது. முதலில் போட்டதோ கடைசியில்தான் வரும்.

நூலில் மணி கோர்ப்பதும் அப்படியே. நூல்கண்டின் நுனி வழியாகக் கோர்க்கிறோம். முதலில் கோர்த்த மணி கண்டுப் பக்கம் உள்ளே போய்விடுகிறது. பின்னத் தொடங்குவது நுனியிலிருந்து. ஆகவே கடைசியாகக் கோர்த்த மணிதான் முதல் கண்ணிக்கு வரும்.

முதல் வரிசையில் வெள்ளை, சிவப்பு, நீலம் என்று வர வேண்டுமானால் கோர்க்க வேண்டிய வரிசை நீலம், சிவப்பு, வெள்ளை. ஒரு வரிசைக்கு இது சுலபம். முழுப் படத்துக்கும் என்றால்? படத்தின் கடைசி வரிசையின் கடைசி மணியிலிருந்து தொடங்கி, முதல் வரிசையின் முதல் மணி வரை பின்னோக்கிப் படித்துக்கொண்டே கோர்க்க வேண்டும். ரோஜா மொட்டுப் போட்ட பையில் ஒரு கண்ணிகூடப் பின்னுவதற்கு முன்பே முழு ரோஜாவும் ஒரு நீள நூலில் ஒற்றை வரியாக, தலைகீழாக அடைந்து கிடக்கிறது. பின்னப் பின்ன அது விரிகிறது.

இதற்கு வழிகாட்டியாகக் கட்டம் போட்ட தாளில் படம் வரைந்துகொள்வார்கள். ஒரு கட்டம் ஒரு மணி. இதைக் கட்டப்படம் என்று சொல்லலாம். வட்டமாகப் பின்னும் பைக்கு எல்லா வரிசையையும் ஒரே திசையில் படித்தால் போதும். தட்டையான பின்னலில் ஒரு வரிசை வலமிருந்து இடம், அடுத்தது இடமிருந்து வலம் போகும். கட்டப்படத்தையும் பாம்பு ஊர்வதுபோலத்தான் படித்துக் கோர்க்க வேண்டும். இந்த ஒன்றைக் கவனிக்காமல் கோர்த்துவிட்டு, படம் ஏன் கலைந்துபோனது என்று தெரியாமல் தவிப்பவர்கள் நிறைய.

எவ்வளவு மணி வேண்டும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. அகலம் 40 கண்ணி, உயரம் 50 வரிசை, முன்னும் பின்னும் இரண்டு முகம். 40-ஐ 50-ஆல் பெருக்கினால் 2,000, இரண்டு முகத்துக்கும் 4,000 மணி. இது காசு வைக்கும் அளவுள்ள சிறு பைக்குத்தான். மெல்லிய மணியில் செய்த பெரிய பைகளில் எண்ணிக்கை பல்லாயிரத்தைத் தொடும். அத்தனையையும் ஒரே மூச்சில் கோர்க்க மாட்டார்கள். ஒவ்வொரு மணியும் நூலின் நீளம் முழுக்க உரசிக்கொண்டே நகர்வதால் நூல் தேய்ந்து மயிர் எழும்பிவிடும். சில வரிசைகளுக்கு வேண்டியதை மட்டும் கோர்த்து, பின்னி, வரிசையின் ஓரத்தில் நூலை வெட்டி, புதிதாகக் கோர்த்த நூலை அங்கே இணைப்பதுதான் நடைமுறை.

ஒரே ஒரு மணி தவறினால்

வரிசைதான் படம் என்றால், வரிசையில் ஒரு பிழை வந்தால் என்ன ஆகும்? அதற்குப் பிறகு வரும் மணிகள் எல்லாம் ஓர் இடம் நகர்ந்துவிடும். வட்டப் பின்னலில் படம் அந்த இடத்தில் ஒரு படி விலகி, விலகியபடியே மேலே போகும். தட்டைப் பின்னலில் இன்னும் மோசம்: ஒரு வரிசை இந்தப் பக்கம் நகர, அடுத்தது எதிர்ப்பக்கம் நகரும். ரோஜாவின் ஓரம் ரம்பப் பல்லாகிவிடும். என் முதல் ரோஜாவுக்கு அதுதான் நடந்தது. ஒன்பதாம் வரிசையில் ஒரு பச்சை மணி குறைந்திருந்தது, இருபதாவது வரிசையில்தான் கண்டுபிடித்தேன்.

கைபழகியவர்கள் இதற்கு வைத்திருக்கும் வழிகள் எளியவை. மணி ஒன்று கூடுதலாக இருந்தால் அதை மட்டும் உடைத்துவிடலாம். குறடால் நசுக்கும்போது கண்ணாடிச் சில்லு நூலை அறுத்துவிடக் கூடும். அதனால் மணியின் துளைக்குள் மெல்லிய ஊசி ஒன்றை விட்டுவிட்டு அழுத்த வேண்டும். சில்லு வெளிப்பக்கம் தெறிக்கும், ஆகவே கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். மணி குறைந்திருந்தால் அந்தக் கண்ணியை மட்டும் மணியில்லாமல் பின்னிவிட்டு, எல்லாம் முடிந்தபின் அந்த இடத்தில் ஒரு மணியைத் தையல் ஊசியால் தைத்துவிடலாம். யாருக்கும் தெரியாது. தவறான நிற மணி என்றால் இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டியதுதான்.

இவற்றைவிட நல்லது, கோர்க்கும்போதே வரிசைக்கு வரிசை எண்ணுவது. பத்து வரிசைக்கு ஒரு முறை சின்னக் காகிதத் துண்டு ஒன்றை நூலில் குத்தி விட்டால், பின்னும்போது அந்தக் காகிதம் வரிசையின் ஓரத்தில் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். வந்தால் எல்லாம் சரி, கிழித்துப் போட்டுவிட்டுத் தொடரலாம்.

மணி, நூல், ஊசி

மணியின் அளவை 8/0, 11/0, 15/0 என்று எழுதுவார்கள். எண் பெரிதானால் மணி சிறிது. 8/0 சுமார் 3 மில்லிமீட்டர், 11/0 சுமார் 2, 15/0 சுமார் 1.5. பழைய பைகளில் 18/0, 20/0 என்று இன்னும் பொடியான மணிகளும் உண்டு. கடுகு அவற்றின் பக்கத்தில் பெரிதாகத் தெரியும்.

இவ்வளவு சின்ன மணியில் துளை போட்டது யார் என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். யாரும் போடவில்லை, துளை முதலிலேயே இருந்தது. உருகிய கண்ணாடிக்குள் காற்றுக் குமிழ் ஒன்றை வைத்துக்கொண்டு நீளமாக இழுத்தால் மெல்லிய குழாய் கிடைக்கும். குமிழும் சேர்ந்து நீண்டு துளையாகிவிடும். குழாயைப் பொடிப்பொடியாக நறுக்கி, மறுபடி சூடாக்கி உருட்டினால் ஓரம் மழுங்கி மணியாகும். ஐரோப்பியப் பைகளுக்கான மணிகள் வெனிஸிலும் பொஹீமியாவிலும் (இன்றைய செக் நாட்டின் ஒரு பகுதி) இப்படித்தான் செய்யப்பட்டன. புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே கண்ணாடிக் குழாயை இழுத்து நறுக்கிப் பொடி மணி செய்திருக்கிறார்கள் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் போக மனமில்லை.

நூல் மெல்லியதாக, முறுக்கேறியதாக, வழவழப்பாக இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் பட்டு. இன்று நல்ல முறுக்குள்ள பேர்ல் காட்டன் நூலே போதும். ஊசி மணிக்கும் நூலுக்கும் ஏற்ப மெலியும். சைக்கிள் போக்ஸ் கம்பி சுமார் 2 மில்லிமீட்டர் தடிமன். மணிப் பை ஊசிகள் அதைவிட மெல்லியவை, 1.25 மில்லிமீட்டர், 1 மில்லிமீட்டர் என்று இறங்கும். எஃகு ஊசிதான் தாங்கும்.

பின்னல் நூல், மணி கோர்க்கும் மெல்லிய ஊசியின் காதில் நுழையாது. கவலை வேண்டாம். தையல் நூலை ஊசியில் கோர்த்து வளையமாக முடிச்சுப் போடுங்கள். பின்னல் நூலின் நுனியை அந்த வளையத்துக்குள் விட்டு மடியுங்கள். ஊசியில் ஏறும் மணி தையல் நூல் வழியாக வழுக்கிப் பின்னல் நூலுக்கு வந்துவிடும். ஓரம் கூராக இருக்கும் மணிகளைத் தவிர்த்துவிடுங்கள், அவை நூலைக் கத்தரிப்பதுபோல அறுக்கும். சாயம் பூசிய மலிவு மணிகளையும்தான். ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்தால் சில சாயங்கள் அப்போதே கழன்றுவிடும்.

இந்தப் பைகள் பிறந்த கதை

18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பெண்கள் பாவாடைக்கு அடியில் இடுப்பில் கட்டிய துணிப்பைகளில் காசும் சாவியும் வைத்திருந்தார்கள். நம் பாட்டிமாரின் சுருக்குப்பைபோல, ஆனால் வெளியே தெரியாதபடி. அகன்ற பாவாடை இருக்கும்வரை அது மறைந்திருந்தது. அந்த நூற்றாண்டின் கடைசியில் உடை மாறியது. இடுப்பு மார்புவரை ஏற, துணி மெலிந்து உடம்போடு ஒட்டி விழுந்தது. உள்ளே பை கட்டினால் துருத்திக்கொண்டு தெரியும். பை வெளியே வந்து கைக்கு வந்தது. எல்லோர் கண்ணிலும் படும் பொருளானதும் அதை அழகாக்கும் வேலையும் தொடங்கியது.

19-ஆம் நூற்றாண்டின் முதற்பாதி கால் வகைப் பின்னலின் பொற்காலம். ஜெர்மனி, ஆஸ்திரியா வீடுகளில் பெண்கள் பின்னினார்கள். பூக்கொத்து, பழைய கோட்டை, ஏரிக்கரை வீடு, இறந்தவர் நினைவாகக் கல்லறைக் கலசமும் தொங்கும் வில்லோ மரமும் எனப் படங்கள் இருந்தன. பெர்லினில் அச்சாகி, கையால் வண்ணம் தீட்டப்பட்ட கட்டப்படங்கள் அந்தக் காலத்தில் ஐரோப்பாவெங்கும் விற்பனையாயின. அவை கம்பளிப் பூவேலைக்காக வந்தவை. ஆனால் ஒரு கட்டம் ஒரு தையல் என்றால், ஒரு கட்டம் ஒரு மணி என்று மாற்றிக்கொள்வதில் என்ன கஷ்டம்?

இன்னொரு வகைப் பையும் அப்போது புழங்கியது: கஞ்சன் பர்ஸ். நீளக் குழாய்போல இருக்கும், நடுவில் மட்டும் ஒரு கீறல் வாய். காசைப் போட்டு, இரண்டு பக்கமும் இருக்கும் உலோக வளையங்களை முனைகளை நோக்கித் தள்ளினால் காசு முனையிலேயே அடைபட்டுவிடும். எடுப்பது கடினம், அதனால்தான் அந்தப் பெயர். சிலவற்றில் ஒரு முனை வட்டமாகவும் மறுமுனை சதுரமாகவும் இருக்கும். இருட்டிலும் விரலால் தொட்டே எந்த முனையில் எந்தக் காசு என்று தெரிந்துகொள்ளலாம். இவை பின்னலிலும் வந்தன, குரோஷாவிலும் வந்தன, வலை முடிச்சிலும் வந்தன. பெயரை வைத்து முறையைச் சொல்ல முடியாது என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

1920-களில் மணிப் பைகள் மறுபடி பெரிய மோஸ்தராயின. லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பழைய மணிப் பைகள் பாதுகாக்கப்படுகின்றன. ஆம்ஸ்டர்டாமில் பைகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருந்தது. 2020-இல் அது மூடப்பட்டதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

முதல் பர்ஸ்

தொடங்குகிறவர்கள் நேரே ரோஜாவுக்குப் போக வேண்டாம். தோரண வகையில் ஒரே நிற மணியில் ஒரு காசுப் பர்ஸ் பின்னுங்கள். ஒரே நிறம் என்றால் வளையல் கணக்கே வேண்டாம், எந்த வரிசையில் கோர்த்தாலும் சரி.

8/0 மணி, 8-ஆம் நம்பர் பேர்ல் காட்டன், 1.5 அல்லது 2 மில்லிமீட்டர் ஊசி. ஊசியில் 24 கண்ணி ஏற்றுங்கள். ஒரு வரிசை வெறுமனே பின்னுங்கள். அடுத்த வரிசையில் இரண்டு கண்ணி, ஒரு மணி, இரண்டு கண்ணி, ஒரு மணி என்று போய் இரண்டு கண்ணியோடு முடியுங்கள். 24 கண்ணியில் 12 ஜோடி, நடுவே 11 இடைவெளி, ஆக வரிசைக்கு 11 மணி. இப்படி 60 மணி வரிசை வந்தால் 660 மணி ஆகும். கொஞ்சம் கூடுதலாக, 680 கோர்த்துக்கொள்ளுங்கள். நீளப் பட்டையை இரண்டாக மடித்து, மணி வெளியே இருக்கும்படி இரண்டு ஓரமும் தைத்தால் உள்ளங்கையில் அடங்கும் பர்ஸ். முதல் பத்து வரிசை கை வலிக்கும், கண்ணிகள் ஏறுமாறாக இருக்கும். பதினைந்தாவது வரிசைக்கு மேல் மணி தானாகவே விரலுக்கு வரத் தொடங்கும்.

அப்புறம், உள்துணி தைக்காமல் காசு போடாதீர்கள். கண்ணாடி கனமான பொருள், பர்ஸ் தன் எடையையே நூலில் சுமந்துகொண்டிருக்கிறது. உள்துணி பின்னலைவிட ஒரு நூலளவு குட்டையாக இருக்கட்டும். அப்போது காசின் பாரம் உள்துணியோடு நின்றுவிடும், கண்ணிகளுக்கு இறங்காது.

பழைய பர்ஸ் ஒன்று எங்காவது கையில் கிடைத்தால், தொங்கவிட்டுப் பார்க்காமல் மேசைமேல் படுக்க வைத்துப் பாருங்கள். பட்டு நூல் இற்றுப்போயிருக்கும். உலோகச் சட்டத்தை ஒட்டிய பகுதிதான் முழு எடையையும் தாங்கியது, அங்கேதான் முதலில் அறுந்திருக்கும். ஒரு கண்ணி அறுந்தால் அடுத்தது அவிழும், மணிகள் ஒவ்வொன்றாக உதிரும். உதிர்ந்ததைத் தூக்கிப்போடாமல் ஒரு டப்பாவில் எடுத்து வையுங்கள். அந்த அளவில், அந்த நிறத்தில் மணி இன்று கடையில் கிடைப்பது அரிது. உள்துணி கிழிந்திருந்தால் அந்த வழியாக உள்பக்கத்தைப் பாருங்கள். மணி ஒன்றும் தெரியாமல், பனியனின் உள்பக்கம்போலக் குறுக்கே மேடு மேடாக நூல் மட்டும் தெரிந்தால், அது கால் வகையில் பின்னியதாக இருக்கத்தான் அதிக வாய்ப்பு.